‘ஃபர்’ படம்: மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் கலைஞர் பிறந்துவிடுவாரா?

நடைபாதை:

நேற்று இரவு ‘ஃபர்’ (ரோமம்) என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். 2006இல் வந்தது, ஸ்டீவன் ஷைன்பெர்க் இயக்கம். சமூகத்தின் ஓரத்தில் இருந்தவர்களை எடுத்துப் பேர்பெற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸாக நிகோல் கிட்மன். தலைப்பிலேயே ‘கற்பனைச் சித்திரம்’ என்று போட்டுவிட்டார்கள், ஆகவே “இதெல்லாம் நடக்கவே இல்லையே” என்று சண்டைக்குப் போக முடியாது. ஆனாலும் மனசு ஆறவில்லை, இங்கே கொட்டிவிடுகிறேன். முடிவு வரை சொல்லப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் இப்போதே ஒதுங்கிக்கொள்ளவும்.

1958, நியூயார்க். டயான் தன் கணவர் ஆலனின் ஃபேஷன் போட்டோ ஸ்டுடியோவில் கூடமாட உதவி செய்கிறார். மாடலின் காலரைச் சரிசெய்வது, பொத்தானைப் பூட்டுவது, இப்படி. பெற்றோருக்கு ஐந்தாம் அவென்யூவில் ரோமக்கோட்டு விற்கிற பெரிய கடை. மாடிக்கு முகமூடி போட்ட ஒருவர் குடிவருகிறார். சில நாளில் இவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. பிரித்துப் பார்த்தால் கத்தை கத்தையாக முடி, அதற்குள் ஒரு சாவி. அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார் டயான். மேலே இருப்பவர் லயனல். உடம்பு முழுக்க, முகம் உட்பட, நீளமான முடி. விக் செய்கிறவர். அவர் வழியாகச் சர்க்கஸ்காரர்கள், உயரம் குறைந்தவர்கள், மிக உயரமானவர்கள் எல்லோரும் பழக்கமாகிறார்கள். அப்புறம் காதல்.

இவ்வளவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்தக் குழாய்க் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். என் குறை வேறு. படம் முடியும்போது ஒரு கலைஞர் விழித்துக்கொண்டார் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். ஒரு மனைவி காதலியானதுதான் எனக்குத் தெரிந்தது. படத்தின் பெரும்பகுதி கேமரா அவர் கழுத்தில் தாலி மாதிரி தொங்குகிறது. வேலை செய்வதாகக் காணோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடைசிபெஞ்ச்:

நான் லயனலாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியருக்காகப் பார்த்தவன். மனிதர் முக்கால் படம் கண்ணையும் குரலையும் மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறார். அந்த முடி அலங்காரம் ஸ்டான் வின்ஸ்டன் கூட்டத்தின் வேலை. இரண்டு வருஷம் கழித்து இவருக்கு ‘அயர்ன் மேன்’ கவசம் செய்து மாட்டியதும் அதே கூட்டம்தான். முதலில் முடிக்குள் போட்டார்கள், பிறகு இரும்புக்குள் போட்டார்கள்.

இன்னொன்று, புருஷன்காரர் பொறாமையில் தாடி வளர்க்கிறாரே! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது சிரிக்க வேண்டிய இடமா என்று இன்றுவரை தெரியாது.

அடிக்குறிப்பு:

முதலில் ஒரு சின்ன திருத்தம். அவர் பெயரை வீட்டில் உச்சரித்தது ‘டயான்’ என்று அல்ல, ‘டீயான்’ என்று. இனி நான் அப்படித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

நடைபாதை கேட்டதற்கு வருகிறேன். படம் எதையெல்லாம் கற்பனை செய்தது என்பதைவிட எதை எடுத்துவிட்டது என்று பாருங்கள். டீயான் 1923இல் பிறந்தவர். 1941இல், 18 வயதில், ஆலன் ஆர்பஸைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான கையோடு ஆலன் அவருக்கு ஒரு கிராஃப்ளெக்ஸ் கேமரா வாங்கிக் கொடுத்தார். ஆக, கேமரா அவர் கைக்கு வந்தது 1958இல் அல்ல, அதற்கு 17 வருஷம் முன்பே. ‘வோக்’, ‘கிளாமர்’ போன்ற பத்திரிகைகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். புகைப்படத்துக்கான யோசனை பெரும்பாலும் டீயானுடையது, ஷட்டரை அழுத்துவது ஆலன்.

1956இல் இனி இது வேண்டாம் என்று அந்த வேலையை விட்டார். அதே வருஷம் ஒரு ஃபிலிம் சுருளுக்கு ‘1’ என்று எண் போட்டார். அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் கணக்கில் இல்லை என்பதுபோல. விழிப்பு என்று ஒரு நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நான் அந்த எண்ணைச் சொல்வேன்.

அதே சமயம் லிசெட் மாடலிடம் படிக்கப் போனார். வியன்னாவில் பிறந்த பெண்மணி, நியூயார்க்கில் புகைப்படம் கற்பித்தவர். எவ்வளவுக்கு எவ்வளவு குறிப்பான ஒன்றை எடுக்கிறாயோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பொதுவாகும் என்பதைத் தனக்குப் புரியவைத்தது லிசெட்தான் என்று டீயான் பின்னால் சொல்லியிருக்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கண்ணைத் திறந்துவிட்ட கதை இது. படத்தில் லிசெட் கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஆண் உட்கார்ந்திருக்கிறார். கற்பனை என்றாலும் இந்த மாற்றல் எனக்கு உறுத்துகிறது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. படத்தில் ரோலிஃப்ளெக்ஸ் வருகிறது, சதுர நெகட்டிவ் எடுக்கும் கேமரா. 1958இல் அவர் 35 மில்லிமீட்டர் கேமராவில்தான் எடுத்துக்கொண்டிருந்தார், சதுர நெகட்டிவுக்கு மாறியது 1962 வாக்கில். படம் தொடங்கி முடிகிற நிர்வாண முகாம் இருக்கிறதே, அங்கே அவர் எடுத்த பேர்போன படங்கள் 1963இல் நியூஜெர்சியில் எடுத்தவை.

லயனல் என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. ‘சிங்கமுக மனிதன் லயனல்’ என்ற பெயரில் ஸ்டெஃபான் பிப்ரோவ்ஸ்கி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்க்கஸ் காட்சிகளில் இருந்தார். போலந்துக்காரர், இதே முடி நிலையோடு பிறந்தவர், 1932இல் இறந்தார். டீயான் அப்போது சின்னக் குழந்தை.

கடைசிபெஞ்ச்:

ஆலன் கதையையும் சொல்லுங்கள் சார். அவர் பிறகு ஸ்டுடியோவை விட்டு நடிகராகிவிட்டார். ‘மேஷ்’ தொடரில் அந்த மனநல டாக்டர் வேஷம் அவர்தான். அதற்கு ஒரு படம் எடுக்கலாம், இதைவிட நன்றாக இருக்கும்.

பழைய ஸ்டுடியோ:

தம்பிகளா, நான் படம் பார்த்தேன், மகள் போட்டுக்காட்டினாள். எனக்குச் சினிமா விமர்சனம் தெரியாது, 30 வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன். கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரோலிஃப்ளெக்ஸ் என்கிட்டே இருந்ததில்லை, விலை கட்டாது. யாஷிகா மேட் வைத்திருந்தேன், அதே ஜாதிதான். இரண்டு கண் உள்ள கேமரா, மேல் கண்ணில் நீங்கள் பார்ப்பீர்கள், கீழ்க் கண்ணில் ஃபிலிம் பார்க்கும். இதைக் கண்ணருகே தூக்க மாட்டோம். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து கண்ணாடியைப் பார்ப்போம். அதில் இடம் வலமாகத் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் படத்தில் வலப்பக்கம் போவார். புதிதாகப் பிடிப்பவனுக்குத் தலை சுற்றும்.

சின்னக் கேமராவில் எடுத்தால் எதிரே இருப்பவருக்கு என் முகம் தெரியாது, ஒரு கறுப்புப் பெட்டிதான் தெரியும். யாஷிகாவில் அப்படியில்லை. நான் குனிந்து பார்ப்பேன், சரியாக வந்ததும் தலையைத் தூக்கி அவர் கண்ணைப் பார்ப்பேன், பேச்சுக் கொடுப்பேன், விரல் தன்பாட்டுக்கு அழுத்தும். என்னை அவர் பார்க்கிறார், அவரை நான் பார்க்கிறேன், கேமரா இரண்டு பேருக்கும் கீழே. அந்த அம்மா எடுத்த படங்களில் எல்லோரும் நேராக நம்மைப் பார்க்கிறார்களே, அது நம்மை அல்ல, அந்த அம்மாவின் முகத்தை. 35இலிருந்து சதுரத்துக்கு மாறினார் என்று அடிக்குறிப்பு சார் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடிக்குப் போனதைவிட அந்த மாற்றம் பெரிது.

ஒரு சுருளுக்கு 12 படம்தான். பகலிலேயே ஃப்ளாஷ் அடிப்பார். நாங்கள் வெயிலில் முகத்தில் நிழல் விழுந்தால் அதைத் தூக்க ஃப்ளாஷ் போடுவோம். அவர் போட்டது ஆளைப் பின்னால் இருக்கும் உலகத்திலிருந்து பிரித்து எடுக்க. தோலில் இருக்கிற ஒவ்வொரு துளையும் தெரியும். நான் அப்படி எடுத்துக் கொடுத்திருந்தால் கடையை மூடியிருப்பேன்.

சினிமாவில் இதெல்லாம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு டார்க் ரூம் வாசனைகூட வரவில்லை.

நடைபாதை:

அய்யா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

படத்தின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்பஸ் எடுத்த ஒரு புகைப்படம்கூட இதில் காட்டப்படவில்லை. படங்களின் உரிமை குடும்பத்திடம். அவர்கள் யார் கைக்கும் லேசில் விடுவதில்லை. புகைப்படங்களையே காட்ட முடியாத புகைப்படக்காரர் படத்தை எப்படி எடுப்பீர்கள்? ஷைன்பெர்க் அதை வாய்ப்பாக மாற்றப் பார்த்திருக்கிறார். கேமராவை எடுப்பதற்கு முந்தைய நிமிடத்தை மட்டும் படமாக்குவது. படியேறி, கதவுக்கு வெளியே நின்று, தட்டலாமா வேண்டாமா என்று மூச்சை அடக்கும் நிமிடம். அந்த இடங்களில் கார்ட்டர் பர்வெல்லின் இசையும் கிட்மனின் முகமும் உண்மையிலேயே வேலை செய்கின்றன.

இன்னொரு நல்ல காரியம், 1971 பக்கமே போகவில்லை. ஆர்பஸ் அந்த வருஷம் 48 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். அதிலிருந்து பின்னோக்கி அவருடைய ஒவ்வொரு படத்தையும் ‘பாருங்கள், அப்போதே தெரிந்தது’ என்று படிப்பவர்கள் நிறைய. இந்தப் படம் அந்தத் தவறைச் செய்யவில்லை.

மஞ்சணத்தி:

பல மாதமாக வாசிக்க மட்டும் வருகிறவள், இன்று எழுதுகிறேன்.

எனக்கு முகத்தில் வெண்புள்ளி உண்டு. வாயைச் சுற்றி, இடது கண்ணைச் சுற்றி. பன்னிரண்டு வயதிலிருந்து. ஆகவே ‘ஃபர்’ போன்ற படங்களை நான் பார்க்கிற விதம் உங்களைப் போல இருக்காது.

லயனல் முதலில் முகமூடியைக் கழற்றும் காட்சிக்காக எல்லோரையும் போல நானும் காத்திருந்தேன். கழற்றியதும் ‘அட, இவ்வளவுதானா’ என்று இருந்தது. அழகாக வாரிவிட்ட, பட்டுப்போன்ற முடி. பூனைக்குட்டி மாதிரி தடவிப் பார்க்கத் தோன்றும். நல்ல கோட்டு, நல்ல குரல், அறை நிறைய அழகான சாமான். பார்க்கச் சிரமமான எதையும் படம் நம்மைப் பார்க்கச் சொல்லவில்லை. ‘வித்தியாசமானவர்’ என்று சொல்லிவிட்டு வித்தியாசத்துக்கு ஷாம்பூ போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் அந்தச் சவரக் காட்சி. நுரையீரல் நோயில் சாகப்போகிறார், முடி முழுவதையும் மழித்துவிடச் சொல்கிறார், டீயான் மழிக்கிறார். நீளமான காட்சி, அதற்காகவே படம் எடுத்தார்கள் போல. முடியெல்லாம் போனபின் உள்ளேயிருந்து டௌனி ஜூனியர் வெளியே வருகிறார். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒன்றுசேர்கிறார்கள். பிறகு அவர் கடலுக்குள் இறங்கிப் போய்விடுகிறார். தன் முடியாலேயே ஒரு கோட்டு செய்து டீயானுக்கு விட்டுப்போகிறார்.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். முடியோடு அவரைக் காதலித்தார் என்பதுதானே கதை? அப்படியானால் மழித்த பிறகு ஏன்? நமக்குத்தான் அந்த முகம் தேவைப்பட்டது, டீயானுக்கு அல்ல.

என் கல்யாண ஆல்பம் வந்தபோது திறந்து பார்த்தால் அதில் வேறொருத்தி இருந்தாள். ஒரே நிறத்தில், வழவழவென்று. என்னைக் கேட்காமலே எல்லாப் புள்ளியையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டிருந்தார்கள். “நல்லதுக்குத்தான்மா செய்தோம், எக்ஸ்ட்ரா சார்ஜ்கூடப் போடவில்லை” என்றார் ஸ்டுடியோக்காரர். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அந்தச் சவரக் காட்சி எனக்கு அந்த ஆல்பம்தான்.

பழைய ஸ்டுடியோ:

அம்மா, நானும் அதே தொழில்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நெகட்டிவில் பென்சில் வைத்துத் தழும்பை, அம்மைத் தடத்தைத் துடைத்தவன். யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அடிக்குறிப்பு:

மஞ்சணத்தி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

அமெரிக்க எழுத்தாளர், விமர்சகர் சூசன் சொன்டாக் 1970களில் ஒரு கட்டுரையில் ஆர்பஸை வறுத்தெடுத்தார். அவருடைய புகார், சுருக்கமாக: வசதியான வீட்டுப் பெண் பாதுகாப்பான தூரத்திலிருந்து மற்றவர்களின் வலியைப் பார்க்கப் போகிறார், அதில் இரக்கம் இல்லை, கடைசியில் எல்லோரையும் விநோதப் பிறவியாகவே காட்டுகிறார். சொன்டாக்கையும் அவர் மகனையும் ஆர்பஸ் 1965இல் படம் எடுத்திருக்கிறார் என்பது உபரித் தகவல். அந்தக் கட்டுரையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றே எனக்கு ரொம்ப நாள் தோன்றியது. சென்ட்ரல் பார்க்கில் பொம்மைக் கையெறிகுண்டோடு நிற்கும் பையன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1962. விரல்கள் கொக்கிபோல வளைந்து, முகம் கோணி, பார்க்கவே பயமாக இருக்கும். அதே சுருளின் கான்டாக்ட் ஷீட், அதாவது எல்லாப் படத்தையும் சின்னதாக ஒரே தாளில் போட்டது, வெளிவந்திருக்கிறது. மற்றப் படங்களில் அவன் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிற சாதாரணப் பையன். அத்தனையிலும் அந்த ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தார். துடைத்த ஸ்டுடியோக்காரர் ஒரு பக்கம் பொய் சொன்னார் என்றால் இவர் மறுபக்கம் சொல்லவில்லையா?

சிலர் வாழ்நாள் முழுக்க ஏதாவது கேடு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள், இந்த ‘விநோதப் பிறவிகளோ’ அந்தக் கேட்டோடேயே பிறந்து பரீட்சையில் தேறிவிட்டவர்கள், பிரபுக்கள், என்ற பொருளில் ஆர்பஸ் பேசியதும் உண்டு.

மஞ்சணத்தி:

நான் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை, பிரபுவும் இல்லை, பேங்கில் வேலை பார்க்கிறேன் :)

அந்த வாக்கியம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அவர் வாயால் சொன்னதைவிட எடுத்தது மேல். 1970இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் எடுத்த படம் இருக்கிறதே, எடி கார்மெல் என்கிற ராட்சத உயரக்காரரும் அவருடைய அப்பா அம்மாவும். கூரை இடிக்கும் என்று கோலூன்றிக் குனிந்து நிற்கிறார். அம்மா அண்ணாந்து பார்க்கிறார். விளக்கின் கூண்டில் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. சொன்டாக் அம்மையார் அதில் விநோதத்தைப் பார்க்கலாம். நான் என் அம்மாவைப் பார்த்தேன். ‘நான் பெற்றது இப்படி வளர்ந்து நிற்கிறதே’ என்று எந்தத் தாயும் எப்போதாவது பார்க்கிற பார்வை அது. அந்த வீட்டில் யாரையும் மழிக்கவில்லை, குட்டையாக்கவில்லை.

அடிக்குறிப்பு:

அந்தப் படத்துக்கு முன்கதை உண்டு. எடி கார்மெலை ஆர்பஸுக்கு ஏறக்குறைய 10 வருஷமாகத் தெரியும். முன்பும் படம் எடுத்திருக்கிறார், திருப்தி வரவில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கடைசியில் 1970இல்தான் அந்த ஒன்று கிடைத்தது. பையன் விஷயத்தில் ஒரு சுருளிலிருந்து பொறுக்கினார் என்று குற்றம் சொன்னேன். இங்கே 10 வருஷத்திலிருந்து பொறுக்கியிருக்கிறார். அதை எப்படிக் கணக்கு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, என் நேற்றைய பதிவை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன்.

படத்தில் சுமார் மூன்று மாதத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது. சாவி, கதவு, காதல், சாவு, கலை. மெய்யான கதையில் 1963இலும் 66இலும் கூகன்ஹைம் உதவித்தொகை, 1967இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு காட்சி, கடைசியில் 10 படங்களை ஒரு பெட்டியில் வைத்து 1,000 டாலருக்கு விற்கப் பார்க்கிறார். உயிரோடு இருந்தவரை விற்றது நான்கே பெட்டி. அதில் இரண்டை வாங்கியது இன்னொரு பெரிய புகைப்படக்காரர், ரிச்சர்ட் அவெடன். இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள்.

நடைபாதை:

நான் பார்ப்பேன். நான்காவது பெட்டிக்கு அப்புறம் ஐந்தாவது விற்குமா என்று காத்திருக்கிற காட்சி ஒன்று போதும்.

ஆனாலும் அந்தக் குழாய்க்குள் சாவியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு புகைப்படம் ரகசியத்தைப் பற்றிய ரகசியம், அது எவ்வளவுக்கு அதிகம் சொல்கிறதோ அவ்வளவுக்குக் குறைவாகவே நமக்குத் தெரிகிறது என்று சொன்னவர் அவர். வீட்டுச் சாக்கடைக்குள்ளேயே இன்னொரு வீட்டின் சாவி கிடந்தது என்பதை ஆர்பஸே ரசித்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. சாவி வரைக்கும் படம் அவருடையது. கதவு திறந்த பிறகு வேறு யாருடையதோ.

புதுவரவு27:

டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

மட்டுறுத்துநர்:

கிடைக்காது. தளத்தின் விதிகளை ஒருமுறை வாசிக்கவும். தலைப்பை விட்டு விலகாமல் தொடருங்கள்.

மஞ்சணத்தி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இந்த இழையால் ஒரு காரியம் செய்தேன். அந்த ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, துடைக்காத அசல் படங்கள் வேண்டும் என்று கேட்டேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்கிறார்கள்.

அம்மா தன் போனில் எடுத்த ஒன்று இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து நான் மாலையைக் கழற்றிக்கொண்டு யாரையோ பார்க்கிறேன். கொஞ்சம் ஆடியிருக்கிறது, மூலையில் யாருடைய தோளோ வந்திருக்கிறது. புள்ளி எல்லாம் தெரிகிறது. பிரிண்ட் போடலாமா, பெரிதாக்கினால் உடைந்துவிடுமா? பழைய ஸ்டுடியோ அய்யாதான் சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டுடியோ:

போன் படத்தைப் பெரிதாகப் போடாதீர்கள் அம்மா, 6க்கு 8 அங்குலம் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். முக்கியமாக, கடைப் பையனிடம் ‘எதையும் சரிசெய்யாதே’ என்று சொல்லிக் கொடுங்கள், சொல்லாவிட்டால் கை சும்மா இருக்காது. அந்தத் தோளையும் வெட்ட வேண்டாம்.